ஸ்பானிய மொழியில் செயப்பாட்டு வினை: தமிழ் அறிந்தவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஸ்பானிய மொழியை நம்மவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலப் பாடநூல்களின் வழியாகவே கற்கிறார்கள். அந்த நூல்கள் செயப்பாட்டு வினையைச் சொல்லித்தரும்போது, ஆங்கிலத்தில் உள்ள அமைப்புக்கு நேர் இணையாக, இருத்தல் என்று பொருள்படும் ‘ஸெர்’ என்ற வினையையும் அதன் பின்னால் ஒரு எச்ச வடிவத்தையும் நிறுத்திக் காட்டி, பாடம் முடிந்தது என்ற எண்ணத்தை உண்டாக்கிவிடுகின்றன. அதைப் படித்தவர் பிழையில்லாத வாக்கியங்களை எழுதுவார். ஆனால் அவற்றில் பாதியை மாட்ரிட்டிலோ மெக்ஸிகோ நகரத்திலோ யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஸ்பானிய மொழியில் செயப்பாட்டுப் பொருளை உணர்த்தும் வழிகள் பல உண்டு. அவற்றுள் அன்றாடப் பேச்சிலும் கடைப் பலகைகளிலும் அதிகம் புழங்குவது ‘ஸெர்’ அமைப்பு அன்று, ‘ஸே’ அமைப்பு. மேலும், இந்தப் பகுதியில் தமிழ் இலக்கணம் ஆங்கிலத்தைவிட ஸ்பானியத்துக்குப் பல இடங்களில் நெருக்கமாக நிற்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி ஆங்கிலத்தை இடையில் வைக்காமல், தமிழிலிருந்து நேராக ஸ்பானியத்துக்குச் செல்கிறது.

ஸ்பானியச் சொற்கள் இங்கே தமிழ் எழுத்தில், லத்தீன் அமெரிக்க உச்சரிப்பை ஒட்டித் தரப்பட்டுள்ளன. ஸ்பானிய ‘v’ எழுத்துக்கு ‘வ’ என்று எழுதியிருக்கும் இடங்களில் ஒலி ‘ப’கரத்தின் மென்மையான வடிவமாகவே இருக்கும், எழுத்துக்கூட்டலை நினைவில் வைத்துக்கொள்வதற்காகவே அவ்வாறு எழுதப்பட்டுள்ளது.

படி 1: செயப்பாட்டு வினை தேவைதானா என்று முடிவு செய்யுங்கள்

செயப்பாட்டு வினை இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, செய்தவர் யாரென்று தெரியாதபோதோ சொல்ல விரும்பாதபோதோ அவரை மறைப்பது. மற்றொன்று, செயலுக்கு உள்ளான பொருளைப் பேச்சின் தலைப்பாக முன்னால் கொண்டுவருவது. இவ்விரண்டு வேலைகளையும் செய்வினையைக் கொண்டே முடித்துக்கொள்ள ஸ்பானியத்தில் எளிய வழிகள் உள்ளன, தமிழிலும் அவை அப்படியே உள்ளன.

செய்தவரை மறைக்க, வினையைப் படர்க்கைப் பன்மையில் வைத்து, எழுவாயைச் சொல்லாமல் விட்டுவிடலாம்.

மே ரொபாரோன் லா மொச்சீலா – என் முதுகுப்பையைத் திருடிவிட்டார்கள்.
தீஸென் கே வா அ யொவேர் – மழை பெய்யும் என்கிறார்கள்.

திருடியவர் ஒரே ஆளாக இருந்தாலும் ‘திருடிவிட்டார்கள்’ என்றுதான் நாமும் சொல்கிறோம். ஸ்பானியர்களும் அவ்வாறே சொல்கிறார்கள். இங்கே ‘எய்யோஸ்’, அதாவது ‘அவர்கள்’, என்ற சொல்லை வெளிப்படையாகச் சேர்த்தால் பொருள் மாறி, முன்பே குறிப்பிட்ட சிலரைச் சுட்டுவதாகிவிடும்.

பொருளை முன்னால் கொண்டுவர, அதை வாக்கியத்தின் தொடக்கத்தில் வைத்து, வினைக்கு முன்னால் அதற்குரிய சிறு பதிலிப்பெயரைச் சேர்த்துவிட்டால் போதும்.

எல் கெர்னீக்கா லோ பின்தோ பிக்காஸோ – கெர்னீக்காவை வரைந்தவர் பிக்காஸோ.

இதில் ‘லோ’ என்பதுதான் ‘அதை’ என்ற பொருளில் வரும் பதிலிப்பெயர். அதை விட்டுவிட்டால் ஓவியம்தான் பிக்காஸோவை வரைந்தது போன்ற குழப்பம் எழும். தமிழில் அந்தக் குழப்பத்தை இரண்டாம் வேற்றுமை உருபான ‘ஐ’ தடுத்துவிடுகிறது. ஸ்பானியத்தில் அந்த வேலையை ‘லோ’, ‘லா’, ‘லோஸ்’, ‘லாஸ்’ ஆகியவை செய்கின்றன. பேச்சில் ஸ்பானியர்கள் செயப்பாட்டு வினைக்குப் போகாமல் பெரும்பாலும் இந்த அமைப்போடு நின்றுவிடுகிறார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்குச் செல்வோம்.

படி 2: ‘ஸெர்’ அமைப்பைக் கட்டுங்கள்

இலக்கண நூல்கள் சுற்றுச் செயப்பாட்டு வினை என்னும் பொருளில் ‘பஸீவா பெரிஃப்ராஸ்திக்கா’ என்று அழைப்பது இதைத்தான். ‘ஸெர்’ என்ற துணைவினை காலத்தையும் இடத்தையும் காட்டும்; அதன் பின்னால் ‘பார்த்திஸீப்பியோ’ எனப்படும் எச்ச வடிவம் வரும். ‘ஆர்’ என்று முடியும் வினைகளுக்கு அந்த வடிவம் ‘ஆதோ’ என்றும், ‘எர்’, ‘இர்’ என்று முடிபவற்றுக்கு ‘ஈதோ’ என்றும் அமையும்: ‘பின்தார்’ ‘பின்தாதோ’ ஆகும், ‘வெந்தேர்’ ‘வெந்தீதோ’ ஆகும், ‘கோன்ஸ்த்ருயீர்’ ‘கோன்ஸ்த்ருயீதோ’ ஆகும். விதிக்கு அடங்காதவை ஒரு சிறு கூட்டம்தான். ஆனால் அவைதான் அடிக்கடி வருபவை என்பதால் மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. எழுதப்பட்டது ‘எஸ்க்ரீத்தோ’, செய்யப்பட்டது ‘ஏச்சோ’, சொல்லப்பட்டது ‘தீச்சோ’, காணப்பட்டது ‘வீஸ்தோ’, வைக்கப்பட்டது ‘புவெஸ்தோ’, திறக்கப்பட்டது ‘அபியெர்த்தோ’, மூடி மறைக்கப்பட்டது ‘குபியெர்த்தோ’, உடைக்கப்பட்டது ‘ரோத்தோ’, திருப்பித் தரப்பட்டது ‘தெவுவேல்த்தோ’, தீர்க்கப்பட்டது ‘ரெஸுவேல்த்தோ’.

இந்த எச்ச வடிவம் எழுவாயின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாற வேண்டும். இதுவே இந்தப் படியின் உயிர்நாடி.

எல் குவென்தோ ஃபுவே எஸ்க்ரீத்தோ – சிறுகதை எழுதப்பட்டது.
லா நொவேலா ஃபுவே எஸ்க்ரீத்தா – நாவல் எழுதப்பட்டது.
லோஸ் குவென்தோஸ் ஃபுவேரோன் எஸ்க்ரீத்தோஸ் – சிறுகதைகள் எழுதப்பட்டன.
லாஸ் கார்த்தாஸ் ஃபுவேரோன் எஸ்க்ரீத்தாஸ் – கடிதங்கள் எழுதப்பட்டன.

பால் என்பது இங்கே சொல்லின் இலக்கணப் பால். பொருளின் இயற்கைப் பால் அன்று. செய்தித்தாள்களில் தினமும் வரும் ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்: ‘த்ரெஸ் பெர்ஸோனாஸ் ஃபுவேரோன் தெத்தெனீதாஸ்’, அதாவது மூன்று பேர் கைது செய்யப்பட்டனர். கைதான மூவரும் ஆண்களாகவே இருந்தாலும் ‘தெத்தெனீதாஸ்’ என்ற பெண்பால் வடிவம்தான் வரும். ஏனெனில் ‘பெர்ஸோனா’ என்ற சொல் பெண்பால். ‘விக்திமா’, அதாவது பாதிக்கப்பட்டவர், என்ற சொல்லும் அப்படியே. தமிழில் உயர்திணைக்கு மட்டுமே ஆண்பால், பெண்பால் பார்த்துப் பழகிய நமக்கு இதுதான் தொடர்ந்து இடறும் இடம். எழுவாயை எழுதியவுடன் அதன் முன்னால் உள்ள ‘எல்’ அல்லது ‘லா’ என்பதை ஒருமுறை பார்த்துவிட்டு எச்சத்தை எழுதுவது நல்ல வழக்கம்.

காலங்களுக்கு வருவோம். மாறுவது ‘ஸெர்’ மட்டுமே.

லா லேய் எஸ் அப்ரோபாதா – சட்டம் நிறைவேற்றப்படுகிறது.
லா லேய் ஃபுவே அப்ரோபாதா – நிறைவேற்றப்பட்டது.
லா லேய் ஸெரா அப்ரோபாதா – நிறைவேற்றப்படும்.
லா லேய் ஆ ஸீதோ அப்ரோபாதா – நிறைவேற்றப்பட்டிருக்கிறது.
லா லேய் அபீயா ஸீதோ அப்ரோபாதா – நிறைவேற்றப்பட்டிருந்தது.

நான்காவது, ஐந்தாவது வாக்கியங்களில் ‘ஸீதோ’ ஒருபோதும் மாறாது; அடுத்து நிற்கும் ‘அப்ரோபாதா’ மட்டுமே எழுவாயோடு ஒத்துப்போகும். எழுவாய் பன்மையானால் ‘லாஸ் லேயெஸ் ஆன் ஸீதோ அப்ரோபாதாஸ்’ என்று வரும்.

நிகழ்காலத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு கணத்தில் முடிந்துவிடும் செயல்களை, இப்போது நடந்துகொண்டிருப்பவை என்ற பொருளில், ‘எஸ்’ சேர்த்துச் சொன்னால் ஸ்பானியச் செவிக்குப் பொருந்தாது. ‘லா புவெர்த்தா எஸ் அபியெர்த்தா’ என்பது தனியாக நிற்காது. ‘தினமும் காலையில் காவலாளியால்’ என்பது போன்ற வழக்கத்தைக் குறிக்கும் சொற்கள் சேர்ந்தால்தான் நிற்கும். மாறாக, மதித்தல், அறிதல், நேசித்தல் போன்ற நீடித்த நிலைகளைக் குறிக்கும் வினைகள் நிகழ்காலத்தில் இயல்பாக வரும்: ‘எஸ் ரெஸ்பெத்தாதா போர் தோதோஸ்’ என்றால் அவள் எல்லோராலும் மதிக்கப்படுகிறாள் என்பது பொருள்.

படி 3: செய்தவரைச் சேர்க்கும்போது கவனம்

செய்தவரைக் குறிக்க ‘போர்’ என்ற முன்னுருபு வரும். தமிழில் மூன்றாம் வேற்றுமை ‘ஆல்’ உருபு செய்யும் வேலையை இது செய்கிறது.

எல் கெர்னீக்கா ஃபுவே பின்தாதோ போர் பிக்காஸோ – கெர்னீக்கா பிக்காஸோவால் வரையப்பட்டது.
லீமா ஃபுவே தெஸ்த்ருயீதா போர் எல் தெர்ரெமோத்தோ தே 1746 – லிமா நகரம் 1746ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தால் அழிக்கப்பட்டது.

மனிதரானாலும் இயற்கைச் சக்தியானாலும் ‘போர்’ பொருந்துகிறது. ஆனால் தமிழ் ‘ஆல்’ உருபு கருவியையும் குறிக்கும் என்பதால் நமக்கென்றே ஒரு பிழை காத்திருக்கிறது. ‘அறிமுகமில்லாத ஒருவரால் கத்தியால் தாக்கப்பட்டார்’ என்று இரண்டு ‘ஆல்’ அடுக்கி நாம் எழுதலாம். ஸ்பானியத்தில் அவை பிரிந்துவிடும். ஆளுக்கு ‘போர்’, கருவிக்கு ‘கோன்’.

ஃபுவே எரீதோ கோன் ஊன் குச்சீயோ போர் ஊன் தெஸ்கொனொஸீதோ – அறிமுகமில்லாத ஒருவரால் கத்தியால் காயப்படுத்தப்பட்டார்.

சூழ்ந்திருத்தல், உடன் வருதல், பின்தொடர்தல் போன்ற வினைகளில் ‘போர்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘தே’ வருவதும் உண்டு: ‘ரொதெயாதோ தே மொன்தான்யாஸ்’ என்றால் மலைகளால் சூழப்பட்ட என்பது பொருள். செய்தவரைச் சொல்லியே ஆக வேண்டும், அதுவும் எழுத்து நடையில், என்ற நிலை வந்தால்தான் ‘ஸெர்’ அமைப்பு தன் முழுப் பயனைத் தருகிறது. அடுத்தடுத்த படிகளில் வரும் மற்ற அமைப்புகளில் பெரும்பாலும் செய்தவருக்கு இடமில்லை.

படி 4: நடந்த செயலையும் இருக்கும் நிலையையும் பிரித்துக் காணுங்கள்

‘ஸெர்’, ‘எஸ்தார்’ என்ற இரு வினைகளும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடங்கிவிடுவதால், ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் இந்த இடத்தில் வெகுநாள் தடுமாறுகிறார்கள். தமிழில் யோசித்தால் தடுமாற்றமே இல்லை.

லா தியேந்தா ஃபுவே ஸெர்ராதா – கடை மூடப்பட்டது.
லா தியேந்தா எஸ்தா ஸெர்ராதா – கடை மூடியிருக்கிறது.

முதல் வாக்கியம் ஒரு நிகழ்வைச் சொல்கிறது; யாரோ வந்து மூடினார்கள். இரண்டாவது வாக்கியம் அந்த நிகழ்வு விட்டுச்சென்ற நிலையைச் சொல்கிறது. ‘அப்பட்டது’, ‘அப்படும்’ என்று உங்கள் தமிழ் வாக்கியம் முடிந்தால் ‘ஸெர்’. ‘மூடியிருக்கிறது’, ‘உடைந்து கிடக்கிறது’, ‘எழுதியிருக்கிறது’ என்று முடிந்தால் ‘எஸ்தார்’. கடைசி எடுத்துக்காட்டை மீண்டும் பாருங்கள்: பலகையில் ‘எழுதியிருக்கிறது’ என்று சொல்லும்போது பலகை எழுதவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ‘எஸ்தா எஸ்க்ரீத்தோ’ என்பதும் துல்லியமாக அதுவே.

நிலையைக் குறிக்கும் அமைப்பிலும் எச்சம் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும்: ‘லாஸ் வெந்தானாஸ் எஸ்தான் அபியெர்த்தாஸ்’, சன்னல்கள் திறந்திருக்கின்றன. இறந்தகாலத்தில் நிலையைச் சொல்ல வேண்டுமானால் ‘எஸ்தாபா’ என்பதே பொதுவாகப் பொருந்தும். நான் போனபோது கடை மூடியிருந்தது என்பது ‘லா தியேந்தா எஸ்தாபா ஸெர்ராதா’. அந்த நிலை இவ்வளவு காலம் நீடித்து முடிந்தது என்று சொன்னால் மட்டும் ‘எஸ்தூவோ’ வரும்: ‘எஸ்தூவோ ஸெர்ராதா த்ரெஸ் தீயாஸ்’, மூன்று நாள் மூடிக்கிடந்தது.

‘எஸ்தார்’ வந்தால் செய்தவரைச் சொல்லவே கூடாது என்று சில குறிப்பேடுகளில் காணப்படும் விதி மிகையானது. ‘எஸ்தா ஃபிர்மாதோ போர் லா திரெக்தோரா’ என்றால், அந்தத் தாளில் இயக்குநரின் கையொப்பம் இருக்கிறது என்பது பொருள். கையொப்பம் இன்னும் அங்கேயே இருப்பதால் வாக்கியம் நன்றாகவே நிற்கிறது. செய்தவரின் தடம் அந்த நிலையில் தொடரும்போது அவரைச் சொல்வதற்குத் தடையில்லை.

படி 5: ‘ஸே’ அமைப்பு, தெருவில் வாழும் செயப்பாட்டு வினை

ஸ்பெயினிலோ அர்ஜென்டினாவிலோ ஒரு கடைத்தெருவில் நடந்தால் கண்ணில் படும் பலகைகள் பலவும் ‘ஸே’ என்று தொடங்கும். நம் ஊர்ப் பலகைகளின் மொழியும் இதே வார்ப்புதான் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஸே அல்கீலா பீஸோ – வீடு வாடகைக்கு விடப்படும்.
ஸே வெந்தென் பீஸோஸ் – அடுக்ககங்கள் விற்கப்படும்.
ஸே ஆஸென் யாவெஸ் – சாவிகள் செய்து தரப்படும்.
நோ ஸே அத்மீத்தென் தெவொலூஸியோனெஸ் – விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.

இதற்குப் ‘பஸீவா ரெஃப்லேஹா’ என்று பெயர். ‘ஸே’ என்ற அசை முன்னால் வரும். வினை படர்க்கையில் நிற்கும். எந்தப் பொருள் விற்கப்படுகிறதோ, செய்யப்படுகிறதோ அதுவே எழுவாய். ஆகவே வினை அந்தப் பொருளின் எண்ணைப் பின்பற்ற வேண்டும். ஒரு வீடானால் ‘வெந்தே’, பல வீடுகளானால் ‘வெந்தென்’. எழுவாய் வினைக்குப் பின்னால் வருவதால் பலருக்கு அது செயப்படுபொருளாகத் தோன்றி, ‘ஸே வெந்தே பீஸோஸ்’ என்று எழுதத் தூண்டும். இந்த வடிவத்தைக் கையால் எழுதி ஒட்டிய தாள்களில் நீங்கள் காணக்கூடும். ஆனாலும் கவனமான எழுத்தில் ஒருமை வினை பிழையாகவே கருதப்படுகிறது. தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் பன்மைக்குப் பன்மையையே எழுதுங்கள்.

இந்த விதி துணைவினைகளையும் தொடும். ‘முடியும்’, ‘வேண்டும்’ என்ற பொருளுள்ள வினை இடையில் வந்தால் பன்மை அதன்மீது ஏறும்.

ஸே புவேதென் பகார் லோஸ் ரெஸீபோஸ் என் எல் பான்கோ – கட்டண ரசீதுகளை வங்கியில் செலுத்தலாம்.
ஸே தேபென் அபகார் லோஸ் தெலேஃபொனோஸ் – தொலைபேசிகள் அணைத்துவைக்கப்பட வேண்டும்.

‘ஸே’ அமைப்பில் செய்தவரைச் சேர்ப்பதில்லை. ‘போர்’ சேர்த்து எழுதும் வழக்கம் நிர்வாக, நீதிமன்ற நடையில் காணப்படுகிறது என்றாலும், மற்ற இடங்களில் அது முரடாக ஒலிக்கும். செய்தவரைச் சொல்லியே ஆக வேண்டுமானால் ‘ஸெர்’ அமைப்புக்குத் திரும்புங்கள். அல்லது அதைவிட மேலாக, செய்வினையிலேயே எழுதிவிடுங்கள்.

சமையல் குறிப்பு, பயன்பாட்டு விளக்கம், அறிவியல் செய்முறை ஆகிய மூன்றும் ஸ்பானியத்தில் ‘ஸே’ இல்லாமல் நகர்வதில்லை. ‘ஸே பேலான் லாஸ் பத்தாத்தாஸ், ஸே கோர்த்தான் என் ரொதாஹாஸ் இ ஸே ஃப்ரீயென்’ என்றால், உருளைக்கிழங்குகளைத் தோல் சீவி, வட்டமாக நறுக்கி, பொரிக்க வேண்டும் என்று பொருள். நாம் குறிப்பு எழுதும்போது ‘வேண்டும்’ அல்லது ‘வும்’ என்று முடிக்கிறோம். அவர்கள் ‘ஸே’ போட்டு, காய்களை எழுவாயாக்கி, வினையைப் பன்மையில் வைக்கிறார்கள். இதே வாக்கியத்தை ‘ஸெர்’ அமைப்பில், ‘லாஸ் பத்தாத்தாஸ் ஸோன் பெலாதாஸ்’ என்று எழுதினால் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் சமையலறையில் உருளைக்கிழங்குக்கு நடந்ததைக் காவல்துறை அறிக்கையாக வாசித்தது போலிருக்கும்.

படி 6: மனிதர்கள் வரும்போது ‘ஸே’ அமைப்பு மாறுகிறது

பொருள்களுக்கு இவ்வளவு வசதியாக இருக்கும் ‘ஸே’, மனிதர்கள் எழுவாயானால் சிக்கலை உண்டாக்கும். ‘ஸே தெத்துவியேரோன் லோஸ் ஸொஸ்பெச்சோஸோஸ்’ என்று எழுதினால், சந்தேகத்துக்குரியவர்கள் கைது செய்யப்பட்டனர் என்ற பொருள் கிடைக்காது. அவர்கள் தாமே நின்றுவிட்டார்கள் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘ஸே’ என்ற அசைக்குத் தற்சுட்டுப் பொருளும் ஒருவரையொருவர் என்ற பொருளும் இருப்பதே காரணம். தமக்குத் தாமே எதையும் செய்துகொள்ள இயலாத வீடுகளுக்கும் சாவிகளுக்கும் இந்த மயக்கம் வராது; மனிதர்களுக்கு வரும்.

ஸ்பானிய மொழி இதற்குக் கண்ட தீர்வு, மனிதரை எழுவாய் நிலையிலிருந்து இறக்கி, முன்னால் ‘அ’ என்ற உருபைச் சேர்த்துச் செயப்படுபொருளாகவே வைத்துவிடுவது. வாக்கியத்தில் எழுவாய் இல்லாமல் போய்விடுவதால் வினை எப்போதும் ஒருமையில் நிற்கும்.

ஸே தெத்தூவோ அ லோஸ் ஸொஸ்பெச்சோஸோஸ் – சந்தேகத்துக்குரியவர்களைக் கைது செய்தாயிற்று.
ஸே பூஸ்கா அ லோஸ் தெஸ்தீகோஸ் – சாட்சிகளைத் தேடுகிறார்கள்.

இந்த ‘அ’ உருபை ஆங்கிலத்தின் வழியே விளக்குவது பெரும்பாடு. ஆங்கிலத்தில் அதற்கு இணையே கிடையாது. தமிழர் கையில் ‘ஐ’ உருபு தயாராக இருக்கிறது. ‘வேலையாள் தேடுகிறோம்’ என்பதற்கும் ‘வேலையாளைத் தேடுகிறோம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துப் பாருங்கள். முதலாவதில் யாரோ ஒருவர் வேண்டும். இரண்டாவதில் குறிப்பிட்ட ஆள் காணவில்லை. ஸ்பானியத்திலும் அதே கோடு ஓடுகிறது.

ஸே பூஸ்கான் கமரேரோஸ் – உணவகப் பணியாளர்கள் தேவை.
ஸே பூஸ்கா அ லோஸ் கமரேரோஸ் தெல் துர்னோ தே நோச்சே – இரவுப் பணியில் இருந்த பணியாளர்களைத் தேடுகிறார்கள்.

முதல் வாக்கியம் வேலைவாய்ப்பு விளம்பரம். அங்கே ‘அ’ இல்லை, பணியாளர்களே எழுவாய், எனவே வினை பன்மை. இரண்டாவது வாக்கியத்தில் குறிப்பிட்ட ஆட்கள். ‘அ’ வந்துவிட்டது, வினை ஒருமைக்கு இறங்கிவிட்டது. ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை: தமிழில் குறிப்பிட்ட அஃறிணைப் பொருளுக்கும் ‘ஐ’ வரும், ஸ்பானிய ‘அ’ பொதுவாக மனிதர்களுக்கும் மனிதரைப் போலப் பாவிக்கப்படும் உயிர்களுக்கும் மட்டுமே வரும். ‘அந்தப் புத்தகத்தை’ என்று தமிழில் வந்துவிட்டதே என்று நூலின் முன்னால் ‘அ’ போடக் கூடாது.

செயப்படுபொருள் குன்றிய வினைகளிலும் இதே எழுவாயற்ற ‘ஸே’ ஒருமையில் வரும்: ‘அக்கீ ஸே கோமே பியென்’, இங்கே நன்றாகச் சாப்பிடலாம், ‘நோ ஸே புவேதே என்த்ரார்’, உள்ளே போகக் கூடாது. வினையிலேயே முன்பாக ஒரு ‘ஸே’ அமைந்திருந்தால், எழுந்திருத்தல் என்னும் ‘லெவன்தார்ஸே’ போல, இரண்டாவது ‘ஸே’ சேர்க்க இடமில்லை. அப்போது ‘ஊனோ ஸே லெவான்தா தெம்ப்ரானோ’ என்று ‘ஊனோ’ சேர்த்துச் சமாளிப்பார்கள்.

படி 7: ‘எனக்கு’ என்பது ‘நான்’ ஆகாது

கொடுத்தல், சொல்லுதல், வழங்குதல் போன்ற வினைகளில் பெற்றுக்கொள்பவரை எழுவாயாக்கும் வழக்கம் ஆங்கிலத்தில் உண்டு; ஸ்பானியத்தில் இல்லை; தமிழிலும் இல்லை. ‘எனக்கு ஒரு நூல் கொடுக்கப்பட்டது’ என்றுதான் சொல்வோமே தவிர, ‘நான் ஒரு நூல் கொடுக்கப்பட்டேன்’ என்று யாரும் சொல்லமாட்டோம். அந்தத் தமிழ் வாக்கியத்தை அப்படியே ஸ்பானியத்தில் வைத்தால் சரியாக அமையும்.

அ கப்ரியேலா மிஸ்த்ரால் லே ஃபுவே கொன்ஸெதீதோ எல் ப்ரேமியோ நோபெல் என் 1945 – கப்ரியேலா மிஸ்த்ராலுக்கு 1945இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

எழுவாய் பரிசு, அதனால் எச்சம் ‘கொன்ஸெதீதோ’ என்று ஆண்பாலில் நிற்கிறது. கவிஞர் நான்காம் வேற்றுமையில், ‘அ’ உருபோடும் ‘லே’ என்ற பதிலிப்பெயரோடும் நிற்கிறார். கவிஞரையே எழுவாயாக்க விரும்பினால் வேறு வினையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: ‘ஃபுவே கலர்தொனாதா கோன் எல் ப்ரேமியோ நோபெல்’. பரிசளித்துச் சிறப்பித்தல் என்னும் இந்த வினைக்கு மனிதரே நேரடிச் செயப்படுபொருள் என்பதால் ‘கலர்தொனாதா’ என்ற பெண்பால் வடிவம் அவரோடு ஒத்துப்போகிறது. சாதாரணப் பேச்சில் இவ்விரண்டும் வேண்டாம். ‘லே தியேரோன் எல் நோபெல்’, அவருக்கு நோபெல் கொடுத்தார்கள், என்பதே போதும்.

படி 8: செயப்பாட்டு வினை போலத் தோன்றுபவை

‘ஸே’ வந்த இடமெல்லாம் செயப்பாட்டு வினை என்று எண்ணிவிட வேண்டாம். ‘ஸே ரொம்பியோ எல் வாஸோ’ என்றால் கண்ணாடிக் குவளை உடைந்தது என்று பொருள். உடைக்கப்பட்டது என்பது அன்று. ‘உடைந்தது’, ‘உடைத்தது’ என்று தன்வினை, பிறவினையாக நாம் வல்லின இரட்டிப்பில் காட்டும் வேறுபாட்டை ஸ்பானியம் பல வினைகளில் ‘ஸே’ சேர்த்துக் காட்டுகிறது.

இதனோடு நான்காம் வேற்றுமைப் பதிலிப்பெயர் சேரும்போது, வேண்டுமென்று செய்யாத தவறுகளைச் சொல்லும் அழகிய அமைப்பு கிடைக்கிறது. ‘ஸே மே ஒல்விதாரோன் லாஸ் யாவெஸ்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால், சாவிகள் எனக்கு மறந்துபோயின என்று வரும்; நாம் பேசுவதும் அப்படித்தானே? சாவிகள் எழுவாய் என்பதால் வினை பன்மை. ‘ஸே மே கயோ எல் தெலேஃபொனோ’, தொலைபேசி என் கையிலிருந்து விழுந்துவிட்டது.

‘ஸே த்ராத்தா தே’ என்ற தொடர் ‘இது இன்னதைப் பற்றியது’ என்ற பொருளில் எப்போதும் ஒருமையில்தான் வரும். பின்னால் பன்மைப் பெயர் வந்தாலும் ‘ஸே த்ராத்தான் தே’ என்று எழுதுவது பிழை. ‘தே’ என்ற முன்னுருபு அந்தப் பெயரை எழுவாயாக விடாமல் தடுத்துவிடுகிறது என்பதைக் கண்டுகொண்டால், ‘ஸே ஆப்லா தே லோஸ் ப்ரெஸியோஸ்’, விலைகளைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள், என்பதில் வினை ஏன் ஒருமை என்பதும் விளங்கிவிடும்.

படி 9: ஒரே செய்தியை எல்லா வடிவிலும் எழுதிப் பழகுங்கள்

பயிற்சிக்குப் பிக்காஸோவின் ஓவியத்தையே எடுத்துக்கொள்வோம். 1937இல் பாரிஸில் வரையப்பட்டு, அவ்வாண்டு அங்கு நடந்த உலகக் கண்காட்சியின் ஸ்பானியக் கூடத்தில் வைக்கப்பட்ட அது, 1981இல் ஸ்பெயினுக்கு வந்து, இப்போது மாட்ரிட்டின் ரெய்னா ஸொஃபீயா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கலை வரலாற்று நூலில் எழுதுவதானால் முதல் வாக்கியம் இப்படி அமையலாம்: ‘எல் குவாத்ரோ ஃபுவே பின்தாதோ போர் பிக்காஸோ என் 1937’. ஆண்டும் ஓவியர் பெயரும் தேவை, நடை எழுத்து நடை. ஆகவே ‘ஸெர்’ பொருத்தமானது. அடுத்த வாக்கியத்தில் யார் கொண்டுவந்தார்கள் என்பது முக்கியமில்லை: ‘என் 1981 ஃபுவே த்ரஸ்லதாதோ அ எஸ்பான்யா’. இங்கே ‘ஸே த்ரஸ்லதோ அ எஸ்பான்யா’ என்று எழுதினாலும் ஸ்பெயினுக்குக் கொண்டுவரப்பட்டது என்ற பொருள் வரும். ஆனால் இடம்பெயர்தல் என்ற தன்வினைப் பொருளும் அந்த வினைக்கு ‘ஸே’ சேரும்போது கிடைப்பதால், ஐயத்துக்கு இடமில்லாத ‘ஃபுவே’ மேலானது. இப்போது ஓவியம் எங்கே என்பது நிலை: ‘எஸ்தா எக்ஸ்புவெஸ்தோ என் எல் முஸேயோ ரெய்னா ஸொஃபீயா’, அது அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறது.

அருங்காட்சியகத்தின் அறிவிப்பாக எழுதினால், ‘ஸே’ தானாக வந்துவிடும்: ‘என் லா மீஸ்மா ஸாலா ஸே எக்ஸ்போனென் லோஸ் திபூஹோஸ் ப்ரெப்பரத்தோரியோஸ்’, அதே கூடத்தில் முன்தயாரிப்பு வரைபடங்களும் காட்சிக்கு வைக்கப்படுகின்றன, வரைபடங்கள் பன்மை, எனவே ‘எக்ஸ்போனென்’. நண்பரிடம் பேசும்போது இவை எதுவும் வேண்டாம்: ‘லோ பின்தோ என் பாரிஸ், இ லோ த்ரஹேரோன் என் எல் 81’. அதை அவர் பாரிஸில் வரைந்தார், 81இல் இங்கே கொண்டுவந்தார்கள்.

இதே முறையில் உங்கள் ஊர்ச் செய்தித்தாளிலிருந்து ‘அப்பட்டது’ என்று முடியும் வாக்கியங்களை எடுத்து, செய்தவர் சொல்லப்பட்டிருக்கிறாரா, எழுவாய் மனிதரா பொருளா, அது நிகழ்வா நிலையா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு எழுதிப் பாருங்கள். ‘பாலம் அடுத்த மாதம் திறக்கப்படும்’ என்றால் செய்தவர் இல்லை, எழுவாய் பொருள், நிகழ்வு. ஆகவே ‘எல் புவென்தே ஸே அப்ரிரா எல் ப்ரோக்ஸிமோ மேஸ்’. ‘புதிய ஆசிரியர்கள் பணியில் அமர்த்தப்பட்டனர்’ என்றால் எழுவாய் மனிதர். ‘ஸே கொன்த்ரத்தோ அ லோஸ் நுவேவோஸ் ப்ரொஃபெஸோரெஸ்’ என்று ஒருமையிலும் எழுதலாம், ‘லோஸ் நுவேவோஸ் ப்ரொஃபெஸோரெஸ் ஃபுவேரோன் கொன்த்ரத்தாதோஸ்’ என்று பன்மையிலும் எழுதலாம். முதலாவது அலுவலகத்துக்கு உள்ளே சுற்றும் குறிப்பில் இயல்பாக இருக்கும். இரண்டாவது மறுநாள் செய்தித்தாளில் வரும்.